டனல் ஹல் படகு: மோட்டாரைத் தூக்கினா புரொப்பல்லர் காற்று குடிக்குது

கழியோடி:
டெக்சாஸ்ல, ஆழமில்லாத கடற்கழியான லகூனா மாட்ரேல ஓட்டுற 18 அடி டனல் ஹல் (அடியில, பின்பக்கம் புரொப்பல்லருக்குத் தண்ணி வர குழிவு வெட்டின படகு). 90 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக், கியர் விகிதம் 2.15, மோட்டாரை மேலே கீழே ஏத்தி இறக்குற ஹைட்ராலிக் ஜாக் பிளேட். மூணு இலை அலுமினியம் புரொப்பல்லர், 15 பிட்ச் (வழுக்காம இருந்தா ஒரு சுத்துக்கு 15 அங்குலம் முன்னேறணும்). முழு த்ராட்டில்ல 5,600 ஆர்பிஎம், ஜிபிஎஸ்ல மணிக்கு 28 மைல்தான். கிளம்பும்போது பின்பக்கம் அமுங்குது. மோட்டாரைத் தூக்கி வளைவு எடுத்தா ஆர்பிஎம் எகிறுது, படகு தள்ள மாட்டேங்குது. பிட்ச்சை ஏத்தவா, இறக்கவா?

நாலு_இலை:
முதல்ல ஸ்லிப்பை, அதாவது புரொப்பல்லர் தண்ணியில எவ்வளவு வழுக்குதுன்னு பாருங்க. 5,600 × 15 வகுத்தல் (2.15 × 1056) போட்டா மணிக்கு 37 மைல் வரணும்; 1056ங்கிறது நிமிஷத்துக்கு அங்குலத்தை மணிக்கு மைலா மாத்துற எண். உங்களுக்கு வர்றது 28. கிட்டத்தட்ட 24 சதவீதம் வீணாப் போகுது. டனல்ல வர்ற தண்ணியில காற்று கலந்திருக்கும், கப் (இலை ஓரத்துல இருக்கிற சின்ன வளைவு) இல்லாத மூணு இலை அதுல பிடிக்காது. நாலு இலை ஸ்டெயின்லெஸ், ஓரத்துல நல்லா கப் அடிச்சது, 13 பிட்ச் போடுங்க. பிட்ச்சைக் குறைக்கச் சொல்றது ஏன்னா, கூடுதல் இலையும் கப்பும் சேர்ந்து ஆர்பிஎம்மைக் கீழே இழுத்துடும். சுமையோட ஓட்டிப் பார்க்கும்போது, இன்ஜின் கையேட்டுல சொன்ன உச்ச ஆர்பிஎம் வரம்புக்குள்ள நிக்கணும்.

தட்டையடி:
புரொப்பல்லர் பாதிதான். டனலுக்காக வெட்டின இடத்துல படகைத் தாங்க அடித்தளமே கிடையாது, அதான் பின்பக்கம் அமுங்குது. பேட்டரியையும் ஐஸ் பெட்டியையும் முன்னால கொண்டு போங்க. டிரிம் டேப் (படகோட பின் ஓரத்துல ஏறி இறங்குற தகடு) இல்லைன்னா கட்டாயம் மாட்டுங்க. கிளம்பும்போது டேப் கீழே, மோட்டார் முழுக்க படகுப் பக்கமா உள்ளே சாய்ஞ்சிருக்கணும். பிளேன் ஆனதும், அதாவது படகு தண்ணி மேல ஏறி வழுக்கி ஓட ஆரம்பிச்சதும், டேப்பைத் தூக்கிடணும், இல்லேன்னா படகோட மூக்கு குத்தி ஸ்டீயரிங் இழுக்கும்.

அடுத்தது கம்ப்ரெஷன் பிளேட். மோட்டாரோட கீழ்ப் பகுதியான லோயர் யூனிட்ல புரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டோட போல்ட் பண்ற அகலமான அலுமினியத் தகடு. மேலேயிருந்து காற்று இறங்குறதை அது அடைக்கும். வளைவுல விட்டுப்போற உங்க பிரச்சினைக்கு இதுதான் நேர் மருந்து. ஜாக் பிளேட்டை முழுசாத் தூக்கி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, தகடு டனல்ல உரசலையான்னு கரையிலேயே பார்த்துடுங்க.

கழியோடி:
மோட்டாரைத் தூக்கினா இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணி நின்னுடுமோன்னு பயம். அந்தத் தண்ணியோட பிரஷர் காட்டுற கேஜ் என்கிட்ட இல்லை. டெல்டேல்ல (மோட்டார்லேருந்து வெளியே பீச்சுற சின்னத் துளையில) தண்ணி வருதே, போதாதா?

நாலு_இலை:
போதாது. பிரஷர் விழுந்த பிறகும் அது பீச்சிக்கிட்டே இருக்கும். கேஜ் மாட்டாம உயரத்தைத் தொடாதீங்க. ஒரே ஆர்பிஎம்ல அரை அரை அங்குலமாத் தூக்குங்க. முள் துடிக்கிற இடத்துல நிறுத்தி, அரை அங்குலம் இறக்குங்க. அந்த உயரத்தை ஜாக் பிளேட்ல குறிச்சு வைங்க. புரொப்பல்லர் இன்னும் பிடிக்குது, பிரஷர் மட்டும் விழுதுன்னா லோயர் யூனிட்டோட பக்கவாட்டுத் தண்ணி வாய் தண்ணிக்கு வெளியே வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்போதான் லோயர் யூனிட்டோட முன் நுனியில தண்ணி எடுக்கிற லோ வாட்டர் பிக்கப் தேவை. முள் திடீர்னு விழுந்தா தண்ணி வாயில கடற்புல் அடைச்சிருக்கும், நிறுத்தி ரிவர்ஸ் கொடுங்க.

தட்டையடி:
இன்னொண்ணு: ஓடுற ஆழம் வேற, கிளம்புற ஆழம் வேற; கிளம்ப அதிக ஆழம் வேணும். புல்லுக்கு நடுவுல வெள்ளையா மணல் தெரியிற பள்ளத்துக்குக் கழி ஊன்றித் தள்ளிட்டுப் போய், அங்கே ஸ்டீயரிங்கை ஒடிச்சு வட்டமாக் கிளம்புங்க. புல் மேல த்ராட்டில் கொடுத்தா வேரோட பிடுங்கிடும், அந்தத் தழும்பு ஆற வருஷக்கணக்காகும். 2013 செப்டம்பர் 1-லேருந்து டெக்சாஸ் கடலோரம் முழுக்க அப்படிக் கடற்புல்லை வேரோட பிடுங்குறது சட்டவிரோதமும்கூட.