முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வு டைவிங் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

பவளத்தட்டு கேட்டது:

வணக்கம். பவளப்பாறைக் கணக்கெடுப்புக்கு 6 மாணவர்களைத் தயார்செய்ய வேண்டும். எல்லோரிடமும் பொழுதுபோக்கு டைவிங்கின் தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது, ஆளுக்கு 10 முதல் 15 டைவ். களப்பணிக்கு இன்னும் 3 மாதம். ஆழம் 15 மீட்டருக்குள். டிரான்செக்ட் நாடா (கணக்கெடுக்கும் கோட்டைக் குறிக்க விரிக்கும் அளவுநாடா), குவாட்ரட் (கணக்கெடுக்கும் பரப்பைக் குறிக்கும் சதுரச் சட்டம்), மீன் எண்ணிக்கை மூன்றும் பழக வேண்டும். கருவிகளோடு நேராகக் கடலில் இறக்கலாமா? எத்தனை டைவுக்குப் பிறகு ஒருவர் தரும் தரவை நம்பலாம்?

நீரடிநாடா பதில்:

நேராக இறக்காதீர்கள். புதிய டைவரின் கவனம் முழுவதும் மிதப்பைச் சரிசெய்வதிலேயே போய்விடும். அவர் கையில் நீருக்கடியில் எழுதும் ஸ்லேட்டைக் கொடுத்தால், எழுதக் குனியும்போது தெரியாமலே மேலே ஏறுவார், இல்லையென்றால் பவளத்தின்மேல் முழங்காலை ஊன்றுவார். வேலை மும்முரத்தில் முதலில் மறந்துபோவது காற்றுமானியைப் பார்ப்பதுதான். ஆபத்தும் தவறான தரவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: மிச்சக் கவனம் இல்லாமை.

அதனால் முதல் மாதம் குளத்தில் மட்டும். தொடக்கத்திலேயே நீச்சல் தேர்வு வையுங்கள். ஏஏயூஎஸ் என்ற அமெரிக்க ஆய்வு டைவிங் அமைப்பின் அளவுகள் நல்ல அடிப்படை: துணைக்கருவி இல்லாமல் 400 கெஜம் 12 நிமிடத்துக்குள், நீருக்கடியில் 25 கெஜம் ஒரே மூச்சில், 10 நிமிடம் நின்றநீச்சல், இன்னொருவரை 25 கெஜம் இழுத்துச் செல்வது. அடுத்து, கிடைமட்டமாக மிதந்தபடி 5 நிமிடம் ஸ்லேட்டில் ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் 30 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் அவர் இன்னும் தயாரில்லை. தவளை உதை (கால்களைப் பக்கவாட்டில் விரித்து உதைப்பது) வராதவரை கடலுக்குக் கூட்டிப்போகாதீர்கள். மேலும் கீழும் அடிக்கும் உதை மணலைக் கிளப்பிவிடும், பின்னால் வருபவருக்கு குவாட்ரட்டே தெரியாது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஏஏயூஎஸ் முறையில் 100 மணி நேரப் பயிற்சியும் 12 திறந்த நீர் டைவும். ஐரோப்பிய ஆய்வு டைவர் தகுதிக்கு 70 டைவ், அதில் 20 ஆய்வுப் பணியோடு. இவை குறைந்தபட்ச அளவுகள், திறமைக்கு உத்தரவாதம் அல்ல. 3 மாதத்தில் ஆறு பேரும் ஒரே நிலைக்கு வரமாட்டார்கள் என்று இப்போதே திட்டமிடுங்கள்.

குவாட்ரட்50 பதில்:

கருவிகள் பற்றி. 50 × 50 செ.மீ. குவாட்ரட்டை பிவிசி குழாயில் செய்தால் எல்லாப் பக்கமும் துளை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கி மிதக்கும், மாணவர் அதைக் கீழே அழுத்திப் பிடித்தே களைத்துவிடுவார். கிளைப்பவளம் உள்ள இடத்துக்கு ஒரு பக்கம் கழற்றக்கூடிய சட்டம் வேண்டும். நாடா கண்ணாடியிழையில் இருக்கட்டும், எஃகு துருப்பிடிக்கும். தொங்கும் எதையும் உடம்போடு கிளிப் போட்டு ஒட்டிவையுங்கள். நாடா விரிப்பது, படிப்பது, சுற்றுவது மூன்றையும் முதலில் தரையில் நடந்து பழகட்டும். யார் எந்தப் பக்கம், எந்தக் கைசைகைக்கு என்ன பொருள் என்ற குழப்பம் எல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீன் நீளத்துக்குத் தனிப் பயிற்சி தேவை. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நீளம் தெரிந்த மீன் வடிவ அட்டைகளை நீருக்கடியில் கலைத்துக் கட்டி, மதிப்பிட்டு எழுதச் சொல்லி, கரையேறியதும் ஒப்பிடுங்கள். ஸ்லேட் விளிம்பில் அளவுகோல் வரைந்தால் உதவும். மீனோடு ஒரே தூரத்தில் பிடித்தால் இரண்டும் ஒரே அளவு பெரிதாகும். பிறகு, இரண்டு பேர் ஒரே டிரான்செக்டைத் தனித்தனியாக எண்ணட்டும். வேறுபாடு ஏன் வந்தது என்று இருவரும் சொல்ல முடிகிற அன்றுதான் தரவை நம்பத் தொடங்கலாம். டைவ் எண்ணிக்கை இதைச் சொல்லாது.

மூச்சுக்கணக்கு பதில்:

காற்றுக் கணக்கை மாணவர்களே போடட்டும். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) என்றால் 2,400 லிட்டர். 50 பார் கையிருப்பு போக 1,800. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 16 லிட்டர் இழுப்பவர் 15 மீட்டரில், அதாவது 2.5 பார் அழுத்தத்தில், 40 லிட்டர் இழுப்பார்: 45 நிமிடம். வேலையும் நீரோட்டமும் சேர்ந்து 16 என்பது 24 ஆனால் அதே காற்று 30 நிமிடம்தான். சும்மா நீந்தும்போது எடுத்த அளவை வைத்து டிரான்செக்ட் திட்டமிடுவதுதான் வழக்கமான தவறு. வேலை செய்யும்போது தனியாக அளந்து பதியுங்கள்.

அந்த 50 பாரையும் ஒருமுறை சரிபாருங்கள். துணைவரின் காற்று நின்றுபோய், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் (மேற்பரப்புக் கணக்கில்) என இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சுவிட்டால்: அடியில் ஒரு நிமிடம் 150, நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர்வரை ஏற 133, அங்கே 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் 270, மீதி ஏற்றம் 42. மொத்தம் 595 லிட்டர். 50 பார் என்பது 600. மிச்சமே இல்லை! 15 மீட்டர் வேலைக்கு 70 பாரில் மேலேறத் தொடங்குவது என்று விதி வையுங்கள்.

நீரடிநாடா பதில்:

70 பார் சரி. ஒன்று விட்டுப்போயிற்று. எந்த டைவரும் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், டைவை முடித்துக்கொள்ளலாம். இதை எல்லாரும் தாளில் எழுதுகிறார்கள்; ஆனால் படகில் நிற்பவர் தன் ஆய்வேட்டின் வழிகாட்டி என்றால் மாணவர் வாய் திறக்க மாட்டார். காது சமன்படாமலே இறங்கிச் செவிப்பறை கிழிவது இப்படித்தான். டைவை அனுமதிப்பவரும் நிறுத்துபவரும் அந்தத் தரவில் பங்கில்லாத ஒரு பாதுகாப்பு அலுவலராக இருக்கட்டும்.

பவளத்தட்டு:

மிக்க நன்றி. குளத்துக்கு ஒரு மாதம் முழுதாக ஒதுக்குகிறேன். கடைசி நாள் டைவ் முடித்து அன்றிரவே விமானம் ஏறலாமா?

மூச்சுக்கணக்கு பதில்:

கூடாது. பல நாள் தொடர் டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், 24 வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி நாளில் உபகரணங்களை நன்னீரில் கழுவி, ஸ்லேட்டில் இருப்பதை எழுதியவரே கணினியில் ஏற்றட்டும். அவர் கையெழுத்து அவருக்குத்தான் புரியும்.