ஆசிரியர்களின் வேலை–குடும்ப முரண்: ஒரே கேள்வியில் அளக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை:
வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா தமிழ்வழி ஆசிரியர்களிடம் வேலை–குடும்ப முரணும் பணி, வாழ்க்கைத் திருப்தியும் எப்படித் தொடர்புபடுகின்றன என்று எம்.எட். ஆய்வு செய்கிறேன். "வீட்டையும் வேலையையும் சமாளிக்க முடிகிறதா?" என்ற ஒரு கேள்வி போதுமா?

மறையூர்:
போதாதுங்க. வேலை குடும்பத்துக்குள் நுழைவது, குடும்பம் வேலைக்குள் நுழைவது என்ற இரண்டு திசைகளை அது குழப்பிவிடும். விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வருவது வேறு, பிள்ளையின் காய்ச்சலால் வகுப்பில் மனம் நிற்காதது வேறு. இந்த முரணை அளக்க நெட்மேயர் என்ற ஆய்வாளரின் குழு 1996இல் வெளியிட்ட அளவுகோலில் (கேள்வித் தொகுப்பில்) திசைக்கு 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். கோசெக், ஓசெக்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலை குடும்பத்துக்குள் நுழையும் திசையே திருப்திக் குறைவோடு அதிகம் ஒட்டிவந்தது. வாழ்க்கைத் திருப்திக்கு உளவியலாளர் டீனரின் 1985 அளவுகோல் போதும்: 5 கேள்வி, மொத்தம் 5 முதல் 35.

வேலந்தாவளம்:
படிவத்தைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்து வாங்காதீர்கள். பணித் திருப்தி எல்லாருக்கும் அமோகமாக வரும்! பெயரில்லாத படிவம், ஒட்டிய உறை, நீங்களே போய் வாங்குங்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நடக்கும் மார்ச்சைத் தவிருங்கள், அந்த மாதச் சுமை வருடம் முழுவதற்குமானதாகப் பதிவாகிவிடும். பயண நேரம், சின்னப் பிள்ளைகள், வீட்டில் முதியோர், நிரந்தரமா தினக்கூலியா என்பதையும் கேளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
நன்றி. முரண்தான் திருப்தியைக் குறைக்கிறது என்று எழுதலாமா?

மறையூர்:
ஒரே முறை எடுத்த தரவை வைத்து எழுத முடியாது. வேலை பிடிக்காதவருக்குச் சின்ன இடைஞ்சலும் பெரிதாகத் தெரியலாம். "தொடர்பு உள்ளது" என்றே எழுதுங்கள். காரணம் சொல்ல, சில மாதம் விட்டு அதே ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டும்.