எங்கள் ஒழுங்கையில் தீபாவளி வெடியைக் குறைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கல்லடி மகள்:

வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். தீபாவளிக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எனக்கு ஒரு வழி தெரிய வேண்டும்.

அப்பாவுக்கு 71 வயது. தொய்வுக்காரர் (ஆஸ்துமா). கடந்த தீபாவளியன்று, 2025 ஒக்டோபர் 20, விடியப்புறம் நாலரை மணிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். நான் பின்னால் சுடுநீர் கலந்துகொண்டிருந்தேன். எதிர் வீட்டுப் படலையில் சீனவெடிச் சரம் ஒன்றைக் கொளுத்தினார்கள். அது ஓயும் முன்பே பக்கத்து வீட்டில் இன்னொன்று. அன்று காற்றே இல்லை. வாடை பிடிப்பதற்கு முந்திய நாட்களில் எங்கள் பக்கத்தில் விடியப்புறம் தென்னோலைகூட அசையாது. புகை மதிலைத் தாண்டி வந்து முற்றத்தில் அப்படியே தங்கிவிட்டது. இன்ஹேலரை இழுத்தும் இழுப்பு அடங்கவில்லை. எண்ணெய்த் தலையோடு முச்சக்கர வண்டியில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். நெபுலைசர் வைத்து, ஒன்பது மணிக்கு வீடு திரும்பினோம். கலந்து வைத்த வாளித் தண்ணீர் ஆறிக் கிடந்தது. "அடுத்த தீபாவளிக்கு முழுகலாம், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்த அடுத்த தீபாவளிதான் இப்போது வருகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சரத்தைக் கொளுத்திய அண்ணன்தான் ஓடிப்போய் முச்சக்கர வண்டியைப் பிடித்து வந்தவர். வைத்தியசாலை வாசலில் வெறும் காலோடு நின்றவரும் அவர்தான். அவரைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் 14 வீடுகள். சண்டை பிடித்துவிட்டு அடுத்த நாள் அதே குழாயடியில் நிற்க முடியாது.

இன்னொரு பக்கம் என் மகன். ஒன்பது வயது. உண்டியலில் காசு சேர்த்து வைத்திருக்கிறான். அம்மப்பா மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்து அழுதவனும் அவன்தான், "இந்த முறை என்ன வாங்குவோம்?" என்று கேட்பவனும் அவன்தான். இரண்டும் உண்மையான ஆசைகள். அவனுடைய தீபாவளியை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பூட்டிவைக்க நான் விரும்பவில்லை.

அயல் வீடுகளில் எப்படிப் பேச வேண்டும்? மகனுக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்? சத்தம் இல்லாத மத்தாப்பு வகைகள் புகையும் குறைந்தவை என்று கடைக்காரர் சொல்கிறார், அது சரியா? தடைச் சட்டம் கேட்டு நான் எழுதவில்லை. அப்பா ஆறுதலாக உட்கார்ந்து முழுக வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

படுவான்கரை வயற்காரன்:

தங்கச்சி, உங்கள் அப்பாவின் கதையை இரண்டு முறை வாசித்தேன்.

வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் வெடி என்றால் வேறு கணக்கு. துவக்குச் சூட்டையும் நாங்கள் வெடி என்றுதான் சொல்வோம். "வெடி பட்டுவிட்டது" என்று ஒருவர் வந்து சொன்னால் பண்டிகையை யார் நினைப்பார்கள்? 2007இல் போரில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்திலிருந்து என் மனைவிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் கை வேலையை நிறுத்திவிட்டு அடுத்த சத்தத்துக்குக் காத்திருப்பாள். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்த பழக்கம். தீபாவளியன்றும் அப்படியே நிற்பாள். முறுக்கு எண்ணெயில் கருகிப்போகும்.

அடுத்தது யானை. வெள்ளாமைக்குள் யானை இறங்கினால் விரட்டுவதற்கு வனஜீவராசிகள் திணைக்களம் யானை வெடி கொடுக்கிறது. இரவில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லை வீடுகளில் உள்ளவர்கள் எழும்ப வேண்டும், பிள்ளைகளை உள்ளே எடுக்க வேண்டும். அது எங்களுக்கு ஊர் மணி மாதிரி. தீபாவளி இரவில் எல்லா வளவிலும் வெடி வெடித்தால் எது யானைக்கு, எது பண்டிகைக்கு? ஒரு முறை அப்படிக் குழம்பி, யானை வேலிக்குள் நின்றது தெரியாமல் நாங்கள் பலகாரம் தின்றுகொண்டிருந்தோம். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. வாழை முழுவதும் போய்விட்டது.

அடுத்த வருடம் எல்லையில் உள்ள ஒன்பது வீட்டுக்காரர்களும் கூடினோம். பொழுதுபட்ட பிறகு வெடி இல்லை, மத்தாப்பும் விளக்கும் மட்டும் என்று முடிவெடுத்தோம். இளைஞர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். "பாவம், நோயாளி இருக்கிறார்" என்று நான் முன்பு சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள்தான். யானையின் பெயரைச் சொன்னதும் காவலுக்கு நிற்பவர்களாக மாறிவிட்டார்கள். உங்கள் ஒழுங்கையிலும் இளைஞர்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். இரக்கம் கேட்டுப் போனால் அரை மனதோடு தருவார்கள்.

தாதி, கல்முனை:

அக்கா, கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். சத்தம் வேறு, புகை வேறு.

பூனே நகரில் 2016இல் பிள்ளைகள் பட்டாசைப் பிடித்து நிற்கும் தூரத்தில் கருவியை வைத்து நுண்துகள்களை அளந்தார்கள். ஒரு கனமீற்றர் காற்றில் மைக்ரோகிராம் கணக்கில் உச்ச அளவுகள் இவை: பாம்பு மாத்திரை 64,500, ஆயிரம் வெடிச் சரம் 38,540, கம்பி மத்தாப்பு 10,390, தரைச்சக்கரம் 9,490, பூச்சட்டி 4,860. முதலிடம் எதற்கு என்று பாருங்கள். ஒரு சத்தமும் போடாமல் முற்றத்தில் நெளியும் அந்தக் கறுப்பு மாத்திரைக்கு. சின்னப் பிள்ளைகளுக்குப் பயமில்லாதது என்று நாங்கள் முதலில் வாங்கிக் கொடுப்பதும் அதைத்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சராசரிக்கு வைத்திருக்கும் வழிகாட்டி அளவு 15. சில நிமிட உச்சத்தையும் நாள் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் தொய்வுக்காரருக்கு அந்தச் சில நிமிடம் போதும். வெடிமருந்தில் உள்ள கந்தகம் எரிந்து வரும் வாயு மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே சுருக்கிவிடும்.

மகனுக்குப் பூச்சட்டி இரண்டு மூன்று போதும். திறந்த வெளியில், ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கம்பி மத்தாப்பு வாங்கினால் ஒரு வாளி மணல் வையுங்கள். எரிந்து முடிந்த கம்பி கறுத்திருக்கும், ஆறிவிட்டது என்று நினைத்து மிதிப்பார்கள். தீபாவளிக்கு அடுத்த நாள் நான் மருந்து கட்டும் பாதங்கள் பெரும்பாலும் அப்படி வந்தவை.

அப்பாவைப் பற்றி: இந்த மாதக் கிளினிக்கிலேயே தீபாவளியைப் பற்றி வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். நாளாந்தம் எடுக்கும் இன்ஹேலரை அவர் ஒரு நாளும் தவறவிடக் கூடாது, இழுப்பு வந்தால் எடுக்கும் நீல இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துணி முகக்கவசம் இந்தப் புகைக்கு உதவாது. என்95 துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது, மூச்சுக்குக் கஷ்டப்படும் முதியவருக்கு அதை அணிந்திருப்பதே பெரும்பாடு. ஒழுங்கைப் பக்கம் இல்லாத அறையைத் தேர்ந்து, முதல் வெடிக்கு முன்பே ஜன்னலைச் சாத்துங்கள். புகை வந்த பிறகு சாத்தினால் புகையையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். சாம்பிராணியும் அன்று வேண்டாம். இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் அதுவும் புகைதான்.

களுவாஞ்சிக்குடி, இரண்டு பிள்ளைகளின் தகப்பன்:

சகோதரியின் வேதனை விளங்குகிறது. என்றாலும் எனக்கு ஒரு கேள்வி. தினமும் பின்னேரத்தில் பிளாஸ்டிக்கோடு குப்பை கொளுத்துகிறார்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் ஊரே அதிர்கிறது. கிரிக்கெட்டில் வென்றாலும் வெடி, கல்யாணத்துக்கும் வெடி. அப்போதெல்லாம் ஒருவரும் பேசுவதில்லை. தீபாவளி வந்தால் மட்டும் எங்கள் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். போர்க்காலத்தில் வெடி கொளுத்த முடியாமல் வளர்ந்தவன் நான். என் பிள்ளைகள் பயமில்லாமல் ஒரு சரத்தைக் கொளுத்திக் கைதட்டுவதைப் பார்க்கும்போது எனக்குள் ஏதோ ஒன்று ஆறுகிறது. அதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

கல்லடி மகள்:

அண்ணா, கணக்கில் எடுக்கிறேன். உங்கள் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. படுவான்கரை அண்ணனின் மனைவியும் நீங்களும் ஒரே காலத்திலிருந்து வந்தவர்கள். ஒருவருக்கு அந்தச் சத்தம் காயம், மற்றவருக்கு ஆறுதல். நான் யாரைச் சரி என்பேன்?

குப்பைப் புகையும் அப்பாவின் நெஞ்சுக்கு அதே புகைதான். டிசம்பர் 31 இரவும் அவரை அறைக்குள் வைத்துக் கதவிடுக்கில் ஈரத்துணி செருகுகிறேன். தீபாவளியைப் பற்றி முதலில் பேசுவதற்குக் காரணம் அது என்னுடையது என்பதுதான். என் பண்டிகையில் உரிமையோடு பேச முடிகிறது. உங்கள் பிள்ளைகள் சரம் கொளுத்தட்டும். யார் வீட்டு ஜன்னலுக்கு நேரே, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பாருங்கள் என்று கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைதீவு:

மகள், நேரத்தை ஒழுங்கு செய்வது புதிய யோசனை அல்ல. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு 2015இல் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் தொடுக்கப்பட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் வைத்தார்கள். அதை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நோயாளிக்கு எப்போது ஜன்னலைச் சாத்துவது என்றாவது தெரியும். உங்கள் 14 வீட்டுக்கு நீதிமன்றம் தேவையில்லை. அவர்கள் பட்டாசு வாங்குவதற்கு முன்பே ஒரு தட்டுப் பலகாரத்தோடு போங்கள். வாங்கிய பிறகு போனால் காசு வீணாகிறதே என்ற கவலைதான் முன்னால் நிற்கும்.

தீபாவளி என்றால் விளக்கு வரிசை. அதை நான் வகுப்பில் எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், பிள்ளைகள் படித்துவிட்டு வெடி வாங்கத்தான் போனார்கள். அவர்களுக்குச் சத்தம் வேண்டும். சத்தமில்லாத பண்டிகை பிள்ளைகளுக்குச் சாவீடு போல இருக்கும். அதனால் வேறு சத்தத்தைக் கொடுக்க வேண்டும். எங்கள் கிழக்கில் அதற்கா பஞ்சம்? கண்ணகி அம்மன் சடங்கில் பெண்கள் கூடிக் குரவையிடும்போது மயிர்க்கூச்செறியாதவர் யார்? இன்று தாய்மாருக்குக் கூட குரவையிடத் தெரியாமல் போகிறது. கூத்து மத்தளமும் சல்லரியும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. என் பேரப்பிள்ளைகளுக்கு வசந்தன் கோலாட்டத்தின் நாலு அடி கற்றுக்கொடுத்தேன். கடந்த வருடம் காலை ஏழு மணிக்கு வீடு வீடாகப் போய் ஆடினார்கள். ஆறாவது வீட்டில் காசு கொடுத்தார்கள், அத்தோடு பிள்ளைகளுக்கு வெடி மறந்துபோயிற்று.

மாலை வாணவேடிக்கைக்கு எல்லாரும் ஒரே இடத்தில் கூடுங்கள். உங்களுக்குக் கடற்கரை பக்கத்தில்தானே.

படுவான்கரை வயற்காரன்:

ரீச்சர், கடற்கரை வேண்டாம். பொழுதுபடும் நேரத்தில் பெரும்பாலும் கடற்காற்று கரைக்குள் வரும். கடற்கரையில் கொளுத்தினால் புகை முழுவதும் வீடுகளுக்குத்தான். கல்லடிக்கு மேற்கே வாவி இருக்கிறது. வாவிக்கரையில் வைத்தால் புகை தண்ணீருக்கு மேலால் போகும். ஆனால் அன்று பின்னேரம் ஒரு கம்பில் துணியைக் கட்டிக் காற்றைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். மழைக்காலம், காற்று சொன்னபடி நடக்காது. கடதாசியும் குச்சியும் வாவிக்குள் விழாமல் அள்ளுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

கல்லடி மகள்:

நேற்று முறுக்கும் அரியதரமும் சுட்டுக்கொண்டு போனேன். முதலில் எதிர் வீட்டு அண்ணனிடம். நான் வாய் திறக்கும் முன்பே, "ஐயாவுக்கு இப்போது எப்படி?" என்று கேட்டார். கடந்த வருடத்திலிருந்து அவருக்கும் அது உள்ளே கிடந்திருக்கிறது. விடியப்புறம் அவருடைய படலையில் வெடி இல்லை. மாலை ஏழு மணிக்கு வாவிக்கரை. காற்றுப் பார்க்கும் பொறுப்பை அவருடைய மூத்த மகன் எடுத்துக்கொண்டான், கம்பும் வெட்டி வைத்துவிட்டான்.

இதுவரை ஒன்பது வீடுகள் சம்மதம். அவற்றில் இரண்டு கிறிஸ்தவ வீட்டாரும் டிசம்பர் 31க்கும் இதையே செய்யலாம் என்று தாங்களாகவே சொன்னார்கள். ஒரு வீட்டில், "பிள்ளைகள் கேட்கமாட்டார்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னும் மூன்று வீடு பாக்கி, ஞாயிற்றுக்கிழமை போவேன்.

மகன் பாம்பு மாத்திரையை விட்டுவிட ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அம்மப்பாவின் அறையிலிருந்து எத்தனை அடி தள்ளி வைத்தால் சரி?" என்று கேட்கிறான். தாதித் தங்கச்சி, இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

ரீச்சர், மத்தளம் ஒன்று கிடைத்திருக்கிறது, ஒரு பக்கத் தோல் கிழிந்துபோயிற்று. கட்டித் தருபவர் யாராவது கல்லடிப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.