குளிர்விப்பானா, சூடாற்றியா? நுண்செயலிக் ‘கூலருக்கு’ ஒரு கலைச்சொல்

மதிப்பிற்குரிய குழு அன்பர்களுக்கு, பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து வணக்கம்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான கணினிக் கையேட்டில், கணினியின் பாகங்களைத் தாமே பூட்டிச் சேர்ப்பது பற்றிய இயலை எழுதிக்கொண்டிருக்கும் நான், நுண்செயலியின் மேல் அமரும் ‘ஏர் கூலருக்கு’ ஒரு தமிழ்ச்சொல் வேண்டுமென்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். (கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளையும் இப்போது ‘செயலி’ என்றே எல்லாரும் சொல்வதால், குழப்பம் வேண்டாமென்று கணினியின் ‘பிராசசரை’ ‘நுண்செயலி’ என்று எழுதுகிறேன்.) குளிரூட்டி, வெப்பத் தொட்டி, காற்றுக் குளிர்விப்பான் என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் கையேட்டின் வாக்கியங்களில் இட்டுப் படித்துப் பார்த்ததில், ஒவ்வொன்றும் ஓரிடத்தில் இடறுகிறது.

‘குளிரூட்டி’ என்றால் நம் பிள்ளைகளுக்குச் சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோன்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை அதனிடமிருந்து பிடுங்க முடியாது. ‘வெப்பத் தொட்டி’ என்பது ‘ஹீட் சிங்க்’ என்பதை எழுத்தெண்ணிப் பெயர்த்தது. தொட்டி தேக்கி வைக்கும், இந்தக் கருவியோ வெப்பத்தைத் தேக்கினால் கெட்டது குடி.

‘குளிர்விப்பான்’ பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அச்சொல்லில் இலக்கணக் குற்றம் ஒன்றுமில்லை. குற்றம் பொருளில் இருக்கிறது. இந்தக் கருவி எதையும் குளிர வைப்பதில்லை. ஏர்கோனும் குளிர்பெட்டியும் அழுத்தி (கம்ப்ரெசர்) ஒன்றைக் கொண்டு வெப்பத்தை எதிர்த்திசையில் தள்ளுவதால், சுற்றியுள்ள காற்றைவிடத் தாழ்ந்த வெப்பநிலையை அவற்றால் உண்டாக்க முடிகிறது. உலோகத் தகடும் காற்றாடியும் மட்டுமே உள்ள ஒன்றால் அது ஒருபோதும் முடியாது. சூடானதிலிருந்து சூடு குறைந்த காற்றுக்கு வெப்பம் தானாகப் போகும் வழியை அது அகலப்படுத்துகிறது, அவ்வளவே. ஒரு கணக்குக்கு, வாட் ஒன்றுக்கு 0.2 பாகை என்னும் வெப்பத்தடை கொண்ட கருவியை எடுத்துக்கொள்வோம். 100 வாட் வெப்பம் அதன் வழியே போகும்போது, அதன் அடித்தகடு அறைக் காற்றைவிட 20 பாகை கூடுதலாக இருக்கும். அறை 21 பாகை செல்சியஸ் என்றால் அடித்தகடு 41. ஏர்கோன் போடாத என் ஜெலுத்தோங் அறையைப் போல 31 என்றால் 51. நுண்செயலியின் உட்பகுதி அதற்கும் மேலே இருக்கும். குளிர் நாட்டு மதிப்புரைகளில் காணும் எண்களை அப்படியே நம்பி வாங்குகிறவர்கள் இந்தப் பத்துப் பாகையை மறந்துவிடுகிறார்கள்; ‘குளிர்விப்பான்’ என்ற பெயரும் அந்த மறதிக்குத் துணைபோகிறது.

சூடாக உள்ள ஒன்றைச் சுற்றுக்காற்றின் நிலைக்கு அருகே கொண்டுவருவதைத் தமிழில் நாம் குளிர்வித்தல் என்று சொல்வதே இல்லை. பாலை ஆற்றுகிறோம், கஞ்சியை ஆற வைக்கிறோம். மாமாக் கடையில் ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தேநீரை உயரத் தூக்கி ஊற்றுகிறவரைப் பார்த்து, கையின் இழுப்பைக் கவனித்த மலாய் மொழி ‘தே தாரிக்’ என்று பெயர் வைத்தது. அதே செயலில் சூட்டின் இறக்கத்தைக் கவனிக்கும் நாம் ‘தேத்தண்ணியை ஆற்றுகிறார்’ என்கிறோம். உயரத்திலிருந்து ஊற்றும்போது தேநீர் நீண்ட இழையாகிக் காற்றோடு படும் பரப்பு கூடுகிறது. தாத்தாக்கள் தட்டில் ஊற்றி ஊதிக் குடித்ததும் இதே காரணத்தால்தான். நுண்செயலியின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்து ஊடே காற்றை அனுப்புகிறவர்களும், ஆவியாதல் ஒன்று நீங்கலாக, அதையேதான் செய்கிறார்கள். ஆகவே என் பரிந்துரை ‘சூடாற்றி’.

இலக்கணத்திலும் இதற்குத் துணை உண்டு. மாறு, மாற்று என்பதிலிருந்து மின்மாற்றி வந்தது போல, ஆறு, ஆற்று என்பதிலிருந்து ஆற்றி வருகிறது. பசியாறுதல் என்ற சொல்லைக் காலை உணவுக்கு அன்றாடம் புழங்கும் மலேசியத் தமிழர்க்கு, ஆறுதல் என்பது இருந்த ஒன்று தணிந்துபோவது என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. காற்றால் ஆற்றுவது காற்றுச் சூடாற்றி. குழாயில் நீரைச் சுற்றவிட்டு ஆற்றுவது நீர்ச் சூடாற்றி.

சொல் சரியாக அமைந்தால் பொருளைத் தேர்வதும் எளிதாகிறது என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். பாடங்களைக் குரலில் பதிவு செய்யும்போது, பழைய கருவியின் சிறு காற்றாடி எழுப்பிய சீறல் ஒவ்வொரு பதிவிலும் விழுந்தது. வேகமாகச் சுற்றும் காற்றாடிதான் நன்றாக வேலை செய்யும் என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில் காற்றாடியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவும் ஏறத்தாழப் பாதியாகிறது, ஆனால் இரைச்சலோ சுமார் 15 டெசிபெல் இறங்குகிறது. 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். ஆகையால் பரப்பைப் பெரிதாக்கி, 120 அல்லது 140 மில்லிமீட்டர் காற்றாடியை மெதுவாகச் சுற்றவிடுவதே ஓசையைக் குறைக்கும் வழி. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் ‘என்எச்-டி15’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இரண்டு தகட்டுக் கோபுரங்கள், ஆறு வெப்பக்குழாய்கள், இரண்டு காற்றாடிகள், எல்லாம் சேர்த்து 1.32 கிலோ எடை, காற்றாடியின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்றுத்தான். நாக்டுவா என்பது இலத்தீனில் ஆந்தை; அதன் அலறலை அபசகுனம் என்று கருதும் நம்மவர்கள் அதன் சிறகடிப்பு காதில் விழாததைக் கவனித்ததில்லை போலும். அதைவிட மலிவான தெர்மல்ரைட் ‘பியர்லெஸ் அசாசின் 120’ போன்ற இரட்டைக் கோபுரங்களும் 65 வாட் வகை நுண்செயலிக்குத் தேவைக்கு மேலேயே போதும்.

உயரத்தை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். நான் அளக்காமல் 165 மில்லிமீட்டர்க் கோபுரத்தை வாங்கிவந்து, கேசிங்கின் பக்கக் கதவை மூட முடியாமல் இரண்டு வாரம் திறந்தே வைத்திருந்தேன். அதில் கடைக்காரர் தவறு ஒன்றுமில்லை.

‘சைலன்ட்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை ‘மௌன’ என்று பெயர்ப்பதையும் தவிர்க்க வேண்டுகிறேன். பேசக் கூடியது பேசாதிருப்பதுதான் மௌனம். காற்றாடியே இல்லாதவற்றை ‘ஓசையிலி’ என்றும், காற்றாடி இருந்தும் அடக்கமாகச் சுற்றுபவற்றை ‘மெல்லோசை’ என்றும் பிரிக்கலாமா? கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

பினாங்கிலிருந்து

* * *

ஐயா, வணக்கம். செந்தூலிலிருந்து எழுதுகிறேன்.

ஆற்று என்னும் வினையை எடுத்துத் தந்தமைக்கு நன்றி. நானும் குளிர்விப்பானைக் கைவிடுகிறேன். ஆனால் முன்னொட்டைப் பற்றி ஐயம் உண்டு. அறிவியல் பாடநூல்களில் பிள்ளைகள் படிப்பது வெப்பம், வெப்பநிலை, வெப்பக்கடத்தல் ஆகியவற்றைத்தான். சூடு என்பது வீட்டுச் சொல். ‘சூடு வாங்கினான்’ என்றால் வேறு பொருளும் வரும். வெப்பக்குழாய் என்று ஒரு பக்கத்திலும் சூடாற்றி என்று மறுபக்கத்திலும் எழுதினால், இரண்டும் ஒரே குடும்பம் என்பது மாணவர்க்குத் தெரியாமல் போகாதா? ‘வெப்பாற்றி’ என்று வைத்தால் என்ன?

இன்னொன்று, தாங்கள் தொட்டியைத் தள்ளியதோடு நின்றுவிட்டீர்கள், ‘ஹீட் சிங்க்’ என்னும் பொருளுக்குச் சொல் தரவில்லை. தகடும் குழாயும் அடித்தகடும் சேர்ந்த உலோகப் பகுதி ஒன்று. அதோடு காற்றாடியையும் சேர்த்த முழுக்கருவி இன்னொன்று. தாய்ப்பலகையில் (‘மதர்போர்டு’) காற்றாடியே இல்லாமல் சிறு சிறு உலோகக் கட்டிகள் ஒட்டப்பட்டிருக்கின்றனவே, அவற்றையும் சூடாற்றி என்பீர்களா? வெப்பம் வழிந்தோடும் பாதை என்னும் பொருளில் ‘வெப்ப வடிகால்’ என்று முன்வைக்கிறேன். வடிகால் என்றதும் நம் ஊரில் வீட்டெதிரே ஓடும் லோங்கான் (சாக்கடை) நினைவுக்கு வரும் என்று சிலர் சிரிக்கலாம்; மனக்கவலைக்கு ஒரு வடிகால் என்று எழுதும்போது யாரும் லோங்கானை நினைப்பதில்லை. நுண்செயலியின் முதுகில் ஆலையிலேயே பொருத்தப்படும் மூடியை ‘வெப்பப் பரப்பி’ எனலாம். பாயான் லெப்பாசில் 1972 முதல் நுண்செயலி நிறுவனமான இன்டெல்லின் ஆலை இயங்கும் பினாங்குத் தீவில் இருந்துகொண்டு அந்த மூடியைத் தாங்கள் விட்டுவிட்டது எனக்கு வியப்பு.

வெப்பக்குழாய் என்னும் சொல்லில் எனக்குக் குறையில்லை, ஆனால் கையேட்டில் அதை விளக்கியே ஆக வேண்டும். வெந்நீர் ஓடும் குழாய் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோசில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய அமைப்பு அது. இன்று கணினியில் வருவதில் காற்று நீக்கிய செம்புக் குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கிறது. அழுத்தம் குறைவென்பதால் அது 100 பாகைக்கு வெகு முன்பே ஆவியாகி, தகடுகள் உள்ள முனைக்குப் போய்த் திரும்ப நீராகிறது. அந்த நீரை அடிக்கு மீட்டுக்கொண்டு வருவது குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம். அதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம்: குத்துவிளக்கில் எண்ணெய் ஏறுவது எதன் வழியாகவோ, அதுவேதான். திரி.

மெல்லோசை எனக்கு ஒப்புதல் இல்லை. ஓசை என்பதில் இனிமை கலந்திருக்கிறது. நாம் குறைக்க நினைப்பது இரைச்சலை. ‘இரைச்சல் குறைந்த’ என்று இரண்டு சொல்லில் சொன்னால் போதும், எல்லாவற்றையும் ஒரு சொல்லாக உருக்கிவிட வேண்டுமா? இறுதியாக, நுண்செயலிக்கும் அடித்தகட்டுக்கும் இடையே பூசுவதைப் பலர் ‘வெப்பப் பசை’ என்கிறார்கள். அது ஒட்டுவதற்கானதன்று, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் உள்ள காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதற்கானது. ‘வெப்பக் களிம்பு’ பொருந்தும்.

கோலாலம்பூரிலிருந்து

* * *

அம்மா, வணக்கம்.

வடிகாலை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். உலோகப் பகுதி வெப்ப வடிகால், காற்றாடியோ நீர்ச்சுற்றோ சேர்ந்த முழுக்கருவி சூடாற்றி. வெப்பப் பரப்பியும் திரியும் கையேட்டில் ஏறிவிட்டன. மெல்லோசையைத் திரும்பப் பெறுகிறேன். ஓசையிலிக்கு மட்டும் இடம் கேட்கிறேன், ஏனெனில் காற்றாடியில்லாத கருவி ஒரு தனி வகை. 2021இல் நாக்டுவாவே ‘என்எச்-பி1’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது.

வெப்பாற்றியை நானும் முதலில் எழுதிப் பார்த்தேன். தாளில் நன்றாகவே இருந்தது. பாடத்தைப் பதிவு செய்து, என்னிடம் படிக்க வரும் இரண்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொன்னபோதுதான் சிக்கல் தெரிந்தது: ‘வெப்பாற்றி’ என்று நான் சொன்ன இடத்தில் ஒருவன் ‘வெப்பாற்றல்’ என்று எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, இயற்பியலில் அவனுக்குப் பழகிய சொல் அது. வெப்பாற்றலைக் கழிக்கும் கருவிக்கு அதனோடு ஈற்றில் மட்டும் மாறுபடும் பெயரை வைப்பது, சொல்லிக்கொடுக்கிறவரின் நாக்குக்கும் எழுதுகிறவரின் காதுக்கும் வம்பு. சூடு வீட்டுச் சொல் என்பதை மறுக்கவில்லை. ஆற்று என்பதும் அடுப்படியிலிருந்து வந்ததுதானே, இரண்டும் ஒரே வாசலால் உள்ளே வரட்டும். குடும்பம் பிரிந்துபோகும் என்னும் தங்கள் கவலைக்கு, அந்த இயலின் முதல் பத்தியிலேயே ‘வெப்பத்தைத் தணிக்கும் சூடாற்றி’ என்று ஒருமுறை சேர்த்து எழுதிவிடுகிறேன்.

களிம்பில்தான் எனக்குச் சிறு உறுத்தல். பூசுபொருள் என்னும் அளவில் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் செம்பில் ஏறும் பச்சை நிறத்துக்கும் களிம்பு என்றே பெயர். செம்பிலுள்ள களிம்புபோல் உயிரைப் பற்றியிருக்கும் ஆணவ மலம் என்று சைவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சூடாற்றியின் அடித்தகடு பெரும்பாலும் செம்பு. ‘செம்பு அடித்தகட்டில் களிம்பு இருக்க வேண்டும்’ என்று நான் எழுதினால், வீட்டில் பித்தளையும் செம்பும் துலக்கும் பாட்டி ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புளியைத் தேடப் போவார். வேறு சொல் இருந்தால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் களிம்பு என்றே அச்சுக்குப் போகும். அடித்தகட்டுப் படத்துக்குக் கீழே மட்டும் ‘பூச்சு’ என்று போட்டுவிடுகிறேன்.

பினாங்கிலிருந்து