மறு: டவுன்ரிகர் லைன்: ‘ஆழக்கம்பி’ சரியா?

அனைவருக்கும் வணக்கம். தூண்டிலை ஆழத்துக்கு இறக்க வள்ளத்தில் பொருத்தும் டவுன்ரிகர் (downrigger) என்ற இயந்திரத்துக்கும் அதன் லைனுக்கும் நம் கலைச்சொல் பட்டியலுக்காக வந்த முன்மொழிவு இது:

> டவுன்ரிகர் = குண்டிறக்கி. டவுன்ரிகர் லைன் = ஆழக்கம்பி. மறுப்பு இல்லையென்றால் மீன்பிடிப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

மறுப்பு இருக்கிறது ஐயா, இரண்டுக்கும்.

முதற்சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் குண்டு + இறக்கி என்று புணர்ச்சி ஒழுங்காகத்தான் நிற்கிறது. காதில் விழும்போது வேறு இடத்தில் பிரிகிறது. வள்ளத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு மீன்பிடி நடக்காது.

‘ஆழக்கம்பி’யில் சிரிப்பு இல்லை, பிழை இருக்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் இருந்து ஒன்ராறியோ ஏரிக்குச் சல்மன் பிடிக்கப் போகிறவன் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒன்ராறியோ உள்ளிட்ட வட அமெரிக்கப் பேரேரிகளில் நாங்கள் பிடிக்கும் சினூக் சல்மன் பசிபிக் பக்கத்து மீன். மிச்சிகன் மாநிலம் 1966இல் கோஹோ என்ற இன்னொரு சல்மன் வகையின் குஞ்சுகளையும் 1967இல் சினூக் குஞ்சுகளையும் விட்ட பிறகே இந்த ஏரிகளில் சல்மன் வேட்டை சூடுபிடித்தது. இது குளிர்நீர் விரும்பி. கோடையில் மேல்நீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால், 10 முதல் 13 பாகை உள்ள நீரைத் தேடிக் கீழே போய்விடும். 80 அடி, 100 அடி, சில நாள் இன்னும் ஆழம். தூண்டில் நரம்பிலேயே ஈயத்தைக் கட்டி அந்த ஆழத்துக்கு இழுக்கலாம்தான். ஆனால் மீன் கடித்த பிறகும் ஈயத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

டவுன்ரிகர் அந்தச் சுமையைத் தனியே பிரித்துவிடுகிறது. வள்ளத்தின் ஓரத்தில் ஓர் உருளை, வெளியே நீளும் கை, அதன் நுனியில் கப்பி, கப்பி வழியே இறங்கும் லைன், அடியில் 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கவ்வியில் மாட்டி இறக்குவோம். மீன் இழுத்ததும் கவ்வி நரம்பை விட்டுவிடும். (இதற்கு ‘விடுகவ்வி’ என்று சென்ற மாதம் முடிவானது. நல்ல சொல்.) பிறகு மீனுக்கும் நமக்கும் நடுவில் ஈயம் கிடையாது.

ஆக நீருக்குள் இரண்டு லைன் போகின்றன. ஒன்று மீனுக்கு, மற்றது குண்டுக்கு. நாம் பெயர் தேடுவது இரண்டாவதற்கு. அதில் கொக்கியே இல்லை. எனவே ‘தூண்டில்’, ‘நரம்பு’, ‘தங்கூசி’ (நைலான் தூண்டில் இழை) எதுவும் அதற்குப் பொருந்தாது.

‘கம்பி’ ஏன் ஆகாது? ஒரு காலத்தில் ஆகியிருக்கும். ஏழு புரி முறுக்கிய துருப்பிடிக்காத எஃகு, 150 இறாத்தல் தாங்குவது, அதுதான் வழமை. இன்று பலர் 200, 250 இறாத்தல் தாங்கும் பின்னல் நாருக்கு மாறிவிட்டார்கள். எஃகு ஓடும்போது வீணைத் தந்திபோல் ரீங்கரிக்கும். ஒருமுறை மடிந்து கோணினால் அந்த இடம் பலவீனம். ஒரு புரி அறுந்தால் முள்போல் நீட்டிக்கொண்டு விரலைக் கிழிக்கும். பின்னலில் இந்தத் தொல்லைகள் இல்லை, முனையைக் குழல் வைத்து நசுக்கிப் பூட்டவும் தேவையில்லை, ஒரு பலோமர் முடிச்சே போதும். எஃகின் கட்சிக்காரர்களும் சும்மா இல்லை. அது உரசலைத் தாங்கும். சில மின் இயந்திரங்கள் அதன் வழியே நீருக்குள் சிறு மின்னழுத்தம் விடும், பின்னலில் அது ஓடாது. மீனுக்கு அது பிடிக்குமா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம்.

நான் மாறியபோது பட்டதையும் சொல்கிறேன். பழைய இயந்திரத்தில் இருந்த எஃகைக் கழற்றிப் பின்னலைச் சுற்றினேன். கப்பியைப் பார்க்கவில்லை. பல வருடம் எஃகு ஓடி, கப்பியின் பள்ளத்தில் கத்திபோல் ஒரு வரி விழுந்திருந்தது. மூன்றாம் நாள் 12 இறாத்தல் குண்டு ஏரிக்குச் சொந்தமாயிற்று. கப்பியை மாற்றினேன், பிறகு இன்னொன்று தெரிந்தது. வழவழப்பான உருளையில் பின்னல் பிடிமானமில்லாமல் முழுச் சுற்றாக வழுக்குகிறது. அடியில் கொஞ்சம் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் பின்னலை இறுக்கமாகச் சுற்ற வேண்டியிருந்தது. லைனின் பருமன் மாறினால் ஆழமானியும் பொய் சொல்லும், அளந்து திருத்த வேண்டும். குண்டுக்கு மேலே மட்டும், வலுக் குறைந்த ஒரு துண்டை வேண்டுமென்றே கட்டுகிறோம். குண்டு அடியில் பாறையில் மாட்டினால் அந்தத் துண்டு அறுந்து, இயந்திரத்தின் கை தப்பும்.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், பொருள் எஃகோ நாரோ, வேலை ஒன்றே: சுமை தாங்குவது. பெயரை வேலையிலிருந்து எடுத்தால் நாளை மூன்றாவது பொருள் வந்தாலும் சொல் நிற்கும். என் முன்மொழிவு சுமைச்சரடு. இயந்திரத்துக்கு ஆழிறக்கி.

இன்னொரு சொல்லும் கூடவே வேண்டும். வள்ளம் ஓட ஓட நீர் சரட்டைப் பின்னுக்குத் தள்ளும். 100 அடி விட்டிருந்தாலும், சரடு நிலைக்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் குண்டு நிற்பது ஏறக்குறைய 87 அடியில்தான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தள்ளுவிசை நான்கு மடங்கு. சரடு மெல்லியதாக இருப்பதற்கும் குண்டு கனமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். இதைப் பின்சாய்வு என்கிறேன்.

> ‘வடம்’ என்று வைத்தால் என்ன? வலுவான சொல்.

தேர் வடத்தைத் தொட்டுப் பார்த்தவர் இதை ஏற்கமாட்டார். இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமன். ‘கேபிள்’ என்றே விடலாம் என்ற மடலுக்கும் பதில்: கேபிள் என்றால் வீட்டில் தொலைக்காட்சியைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து

-----

மதிப்பிற்குரிய ஸ்காபரோ நண்பருக்கு,

குண்டிறக்கியைத் திரும்பப் பெறுகிறேன். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். போதும்.

சுமைச்சரட்டில் எனக்கு ஒரு நெருடல். எங்கள் பக்கம் ‘சரடு விடுகிறான்’ என்றால் புளுகுகிறான் என்று பொருள். மீன்பிடிக்கிறவர் “நான் 100 அடி சரடு விட்டேன்” என்றால் யார் நம்புவார்கள்?

‘ஆழிறக்கி’யும் ஆழி + இறக்கி என்று தோன்றுகிறது. கடலை இறக்குகிறதா, சக்கரத்தை இறக்குகிறதா? ‘ஆழ இறக்கி’ என்று பிரித்தே எழுதினால் குழப்பம் இல்லை. பின்சாய்வு மிகப் பொருத்தம்.

டிரோலிங்குக்கு (ஓடும் வள்ளத்தின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பதற்கு) ‘இழுவைத் தூண்டில்’ என்று பட்டியலில் இருக்கிறது. இழுவை என்றதும் இங்கே எல்லோருக்கும் இழுவைமடிதான் (டிரோலர் வலை) நினைவுக்கு வருகிறது. அதையும் பாருங்கள்.

-----

ஐயா,

‘ஆழ இறக்கி’ ஏற்கிறேன். பிரித்தே எழுதுவோம்.

சரடு விடுவது பற்றி: மீன்காரன் சொல்லும் நீளத்தை எந்தச் சொல் போட்டாலும் பாதிதான் நம்புவார்கள். ஆனாலும் வினையை மாற்றிக்கொள்ளலாம். சரட்டை ‘இறக்கினேன்’ என்றே எழுதுவோம், இயந்திரத்தின் பெயரோடும் ஒட்டும்.

இழுவை பற்றிய கவலை சரியே. ‘ஓட்டுத்தூண்டில்’ எப்படி? வள்ளத்தை ஓட்டிக்கொண்டே பிடிப்பது. உங்கள் கரையில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துப் பக்கம் போகும்போது கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்த வரியை வெற்றாக விடுகிறேன்.