250 ஓம் ஹெட்போனும் தனி ஆம்பும் வீட்டு ரெக்கார்டிங்குக்கு வேணுமா?

சாருகேசி:
எல்லாருக்கும் வணக்கம். கர்நாடக சங்கீதம் பாடுகிறேன். மயிலாப்பூர் வீட்டு பெட்ரூமில்தான் ரெக்கார்டிங். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற, இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸும் ஒரு கண்டென்சர் மைக்கும் இருக்கு. ஹெட்போன் ஜாக் ஒன்றுதான். சில நாள் வயலின், மிருதங்கம் வாசிக்கிற நண்பர்களும் வருவார்கள். ஹெட்போன், தேவையென்றால் அதன் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப், எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடியணும். கடையில் கேட்டால், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 250 ஓம் எடுங்க, கூட ஆம்ப் எடுத்தே ஆகணும் என்கிறார்கள். அது நிஜமா, இல்லை என் தலையில் கட்டப் பார்க்கிறார்களா?

ஓம்காரம்:
கடையில் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஓம்ங்கிறது ஹெட்போனோட மின் தடை அளவு. 250 ஓம் மாடலில் உள்ளே இருக்கிற காயில் கம்பி மெல்லிசு, எடையும் குறைவு, சவுண்ட் சுத்தமா இருக்கும். ஆனா இன்டர்ஃபேஸ் ஜாக்கில் நேரா சொருகினா சோகையாத்தான் கேட்கும். வாங்குறதை ஒரு தடவை ஒழுங்கா வாங்கிடுங்க மேடம்.

பழைய கன்சோல்:
ஓம்காரம் தம்பி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். டிடி 770 ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தருகிறது. ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ் ஹெட்போன், 35 ஓம், 98 டெசிபெல். காதில் 106 டெசிபெல் வரவேண்டுமென்றால் 250 ஓம் மாடலுக்கு ஏறக்குறைய 1.6 வோல்ட் வேண்டும். எம்40எக்ஸுக்கு அரை வோல்ட்கூட வேண்டாம். முதலில் ஆம்ப் இல்லாமல் ஓடாத ஹெட்போனை விற்பது, அப்புறம் அதற்காகவே ஆம்பையும் விற்பது. நல்ல வியாபாரம்தான். பாடுகிறவருக்கு இதில் என்ன லாபம்?

ஓம்காரம்:
அண்ணா, நீங்க சொன்ன 106 பீக் லெவல், அதாவது உச்சத்தில் வர்ற சத்தம். இன்டர்ஃபேஸ் 1.5 வோல்ட் தருதுன்னே வைங்க. நாம ரெக்கார்ட் பண்றப்போ யாரும் மீட்டரை மேலே முட்ட விடமாட்டோம், சராசரி உச்சத்துக்கு 18 டெசிபெல் கீழே, மைனஸ் 18-ல நிக்கும். அப்போ வால்யூமை ஃபுல்லா திருப்பினாலும் 250 ஓமில் சராசரி 87, 88 டெசிபெல்தான் வரும். வாய்விட்டுப் பாடுறவங்களுக்கு அவங்க குரலே மண்டைக்குள்ளே அதிருமே, அதுக்கு மேல ஹெட்போனில் ஓடுற தம்பூரா எங்கே கேட்கும்? அதுக்குத்தான் ஆம்ப்.

பழைய கன்சோல்:
சரியான கணக்கு. அதனால்தான் 250 ஓம் வேண்டாம் என்கிறேன்! அதே 1.5 வோல்ட்டை எம்40எக்ஸுக்குக் கொடுத்தால் சராசரியே 98-ஐத் தொடும். அந்த அளவில் அரை மணி நேரம்கூடக் கேட்கக் கூடாது. அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் வேலையிடத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம், 94 என்றால் ஒரே மணி நேரம். ஆம்ப் சத்தத்தைத்தான் கூட்டும், பாட்டைக் கூட்டாது.

ஓம்காரம்:
ஜாக்கோட அவுட்புட் இம்பிடன்ஸை, அதாவது ஜாக்குக்குள்ளேயே இருக்கிற தடையை மட்டும் விட்டுட்டீங்களே. ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கணும்பாங்க. மலிவு இன்டர்ஃபேஸில் அது 30 ஓம் இருந்தா, 35 ஓம் ஹெட்போனுக்குக் கிட்டத்தட்ட பாதி வோல்ட்தான் போகும். பாஸும், அதாவது கீழ் ஸ்தாயி சத்தமும், கொஞ்சம் ஊதிக்கிட்டு கேட்கும்.

பழைய கன்சோல்:
பாதி போனாலும் ஐந்தரை டெசிபெல்தான் குறையும், மிச்சமே தாராளம். பாஸ் ஊதுவது மிக்ஸ் பண்ணும்போது கவலைப்பட வேண்டிய விஷயம். சுருதி பிடித்துப் பாட அது எந்த விதத்தில் தடை?

மொட்டைமாடி மிக்ஸ்:
ரெண்டு பேரும் வோல்ட்டிலேயே நிக்கிறீங்க. அவங்களையும் சேர்த்து மூணு பேர், ஜாக் ஒண்ணுதான். நிஜப் பிரச்சினை அதுதானே?

கர்நாடக சங்கீதத்தில் தம்பூரா ஆப் ஹெட்போனில் மட்டும் ஓடணும், மைக்குக்குள்ளே வரக்கூடாது. ஓப்பன் பேக், அதாவது கப்போட வெளிப்பக்கம் திறந்திருக்கிற ஹெட்போன் போட்டா அது ஒழுகி மைக்கில் ஏறிடும். அப்புறம் ஒரே வரியை விதவிதமா பாடுற நிரவலில் ஒரு டேக்கை வெட்டி இன்னொண்ணை ஒட்டினா, ஒட்டின இடத்தில் தம்பூரா மீட்டு சட்டுனு தாவும். எந்த ப்ளக்இன்னும் அதை மறைக்காது. அதனால வெளிப்பக்கம் மூடியிருக்கிற குளோஸ்டு பேக், இதில் பேரமே கிடையாது. ஒரு காதைத் திறந்து வெச்சுப் பாடுற பழக்கம் இருந்தா எம்40எக்ஸில் கப்பை 90 டிகிரி திருப்பிக்கலாம். ஆனா திறந்த பக்கத்துக்குச் சவுண்ட் போகாம, இடது வலதுன்னு பிரிக்கிற பேன் கன்ட்ரோலை மறு பக்கம் தள்ளிடுங்க. இல்லேன்னா அதுவும் ஒழுகல்தான்.

நம்ம ஊர் வெயிலைப் பத்தியும் யாரும் பேசலை. ரெக்கார்டிங்குக்காக ஃபேனை நிறுத்தினா காது வேர்த்துக் கொட்டும். ரெக்ஸின் மாதிரி பேட் கொஞ்ச காலத்தில் கறுப்புப் பொரிப்பொரியா உதிர்ந்து தாடையில் ஒட்டும். டிடி 770-ல இருக்கிற சாம்பல் நிற வெல்வெட் பேட் இந்த விஷயத்தில் சுகம்தான், அதை ஓம்காரத்துக்கு விட்டுக் கொடுக்கிறேன்.

ஓம்காரம்:
அப்பாடா, ஒரு பாயிண்டாவது கிடைச்சுதே. அதிலேயே 80 ஓம் மாடலும் இருக்கு, அதே வெல்வெட்தான். எடுத்தா அதை எடுங்க.

பழைய கன்சோல்:
80 ஓம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பட்ஜெட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். கேபிளும் கழற்ற முடியாதது. ஒருமுறை நாற்காலிச் சக்கரம் ஏறினால் பற்றவைப்புக் கோலோடு உட்கார வேண்டியதுதான். எம்40எக்ஸில் கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சாருகேசி:
மூன்று பேருக்கு ஒய் ஸ்ப்ளிட்டர் போட்டால் போதாதா? மிருதங்கம் வாசிக்கிற நண்பரிடம் நல்ல ப்ளூடூத் ஹெட்போன் இருக்கு.

மொட்டைமாடி மிக்ஸ்:
ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். நூறு மில்லி செகண்டுக்கு மேலே தாமதமாகும், தாளம் போடுறவருக்கு அது நரகம். ஸ்ப்ளிட்டரில் எல்லாருக்கும் ஒரே வோல்ட் போகும், அவங்கவங்களுக்குத் தனி வால்யூம் கிடையாது. மிருதங்கத்துக்கு வேணுங்கிற லெவல் உங்க காதைப் பிளக்கும். இந்த இடத்தில்தான் பெஹ்ரிங்கர் ஹெச்ஏ400 மாதிரி நாலு குமிழ் வெச்ச சின்ன ஆம்ப் உதவும். விலை குறைவு. நண்பர்கள் மொபைலோட வந்த வயர் இயர்போனையே கொண்டு வரட்டும், பெரிய ஜாக்குக்கு ஒரு கன்வெர்ட்டர் போதும்.

ஓம்காரம்:
ஹெச்ஏ400-ல குமிழை ஏத்தினா இரைச்சல் கேட்கும். அதையெல்லாம் ஆம்புன்னு சொல்லாதீங்க.

மொட்டைமாடி மிக்ஸ்:
அதில் யாரும் மாஸ்டரிங் பண்ணப் போறதில்லையே.

சாருகேசி மேடம், மாட்டும்போது ஒண்ணைக் கவனிங்க. இன்டர்ஃபேஸ் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஆம்ப் இன்புட்டுக்கு ரெண்டு முனையிலும் ரெண்டு கறுப்பு வளையம் உள்ள ஸ்டீரியோ கேபிள் போடணும். கிட்டார் கேபிள் போட்டா ஒரு காதில்தான் கேட்கும். பின்பக்கம் ஸ்பீக்கருக்காக இருக்கிற பேலன்ஸ்டு லைன் அவுட் ஒண்ணை அப்படியே இதில் சொருகினா அதைவிட மோசம். இடது காதில் வர்றதோட தலைகீழ் அலை வலது காதில் வரும். பாட்டு நடுவில் நிக்காம மண்டை ரெண்டா பிளந்த மாதிரி இருக்கும். ஹெட்போன் ரிப்பேர்னு கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க.

சாருகேசி:
அப்போ எம்40எக்ஸ், ஹெச்ஏ400, ஒரு ஸ்டீரியோ கேபிள். கன்சோல் சார், தனியாகப் பாடும் நாளில் ஆம்பைக் கழற்றிவிடலாமா?

பழைய கன்சோல்:
தாராளமாக. நேராக இன்டர்ஃபேஸில் சொருகி, டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போடுங்கள், உங்கள் குரல் கம்ப்யூட்டர் சுற்றி வராமல் உடனே காதில் விழும்.

ஓம்காரம்:
எழுதி வெச்சுக்கங்க, ராத்திரி உட்கார்ந்து மிக்ஸ் பண்ண ஆரம்பிச்சதும் 250 ஓம் எங்கே கிடைக்கும்னு இங்கேயேதான் வந்து கேட்பீங்க.

பழைய கன்சோல்:
வரட்டும். அப்போது ஓப்பன் பேக் வாங்கச் சொல்வேன், 770 இல்லை.