இழை எடுக்கும்வரை பட்டினி, மாத்திரை மட்டும் காலையிலேயே

கானாடுகாத்தான்:
போன மார்கழி, பிள்ளையார் நோன்பு அன்றைக்கு நடந்தது. ஆத்தாவுக்கு 71 வயது. திரி வைத்து ஏற்றிய மாவு உருண்டையைச் சுடரோடு விழுங்குவதுதான் இழை எடுப்பது; அதுவரை தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார்கள். ஆனால் சர்க்கரை நோய்க்கான கிளைபென்கிளமைடு மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிட்டார்கள். சாயங்காலம் இரண்டாங்கட்டில் மாவு பிசையும்போது கை நடுங்கியது. ரவிக்கை நனைய வியர்வை. என்னைப் பார்த்து "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார்கள். சர்க்கரை மீட்டரில் 46, ரொம்பக் குறைவு.

விழுங்க முடிந்ததால் சீனித்தண்ணி கொடுத்தோம், ஏறியது. ராத்திரி 11 மணிக்கு மறுபடி 58! ஆஸ்பத்திரியில் விடிய விடிய குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் இன்சுலின் கூடிச் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள். ஆத்தா கேட்டதுதான் எனக்கும் புரியவில்லை: "ஊசி வேணாம்னுதானே மாத்திரை போடுறேன், இன்சுலின் எங்கேருந்துப்பா வந்துச்சு?"

காரைக்குடி, மருந்துக்கடை:
மாத்திரையில் இன்சுலின் கிடையாது அண்ணே. கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்லில் இருப்பதை வெளியே தள்ளுகிற வேலைதான் அதற்கு. அந்தச் செல்லில் பொட்டாசியம் வெளியேற ஒரு வாசல் உண்டு. முகப்புக் கதவைச் சாத்தினால் பின்கட்டுக் கதவு தானே திறக்கும் வீடு என்று வையுங்கள். சாப்பிட்டுச் சர்க்கரை ஏறினால் பொட்டாசிய வாசல் மூடும், கால்சியம் உள்ளே வரும், இன்சுலின் வெளியேறும். இந்த மாத்திரை சர்க்கரைக்குக் காத்திருக்காது, தானே போய் வாசலைச் சாத்திவிடும். வயிறு காலியா என்று பார்ப்பதில்லை. வயசானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். ராத்திரி மறுபடி இறங்கியது அதனால்தான். 60 தாண்டியவர்களுக்குக் கிளைபென்கிளமைடு பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. இன்னும் சீட்டு வருகிறது, நானும் எடுத்துத்தான் கொடுக்கிறேன்.

தேவகோட்டை:
எனக்குச் சர்க்கரை வந்து 12 வருஷம். இதே வகை மாத்திரையான கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், 2, பிறகு 4. அப்புறம் அதற்கும் மசியவில்லை. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டது என்று நினைத்தேன். சர்க்கரை என்று தெரியவரும்போதே பீட்டா செல்களின் திறன் பாதி போயிருக்கும் என்றார் டாக்டர். தார்க்குச்சி மாட்டை ஓட்டும், மாடே இல்லாவிட்டால்?

செல்களை மாத்திரைதான் கொன்றதா என்று கேட்டேன். 2006இல் வெளியான அடாப்ட் ஆய்வைச் சொன்னார்: ஒரே மருந்தில் 5 வருஷம் வைத்துப் பார்த்ததில் சர்க்கரைக் கட்டுப்பாடு கைவிட்டது வேறு வகை மாத்திரையான மெட்பார்மினில் 21 சதவீதம், கிளைபென்கிளமைடில் 34. ஆய்வகத் தட்டில் இந்த மருந்திலேயே கிடந்த மனிதச் செல்கள் மடிந்ததையும் பார்த்திருக்கிறார்களாம். ஆனால் மாத்திரையே தொடாதவர்களுக்கும் செல் குறையத்தான் செய்யும் என்றார். இப்போது ஊசிதான்.

புதுவயல்:
எல்லோரும் திட்டுகிறீர்கள், என் மகனுக்கு இதே கிளைபென்கிளமைடுதான் சோறு. பிறந்த இரண்டாம் மாசமே சர்க்கரை. தினமும் அந்தப் பிஞ்சுத் தொடையில் ஊசி. மரபணுச் சோதனையில்தான் தெரிந்தது: பீட்டா செல் நன்றாக இருக்கிறது, அந்தப் பொட்டாசிய வாசல்தான் மூடமாட்டேன் என்கிறது. மாத்திரை அதை மூடிவைக்கிறது. 2006 ஆய்வில் இப்படிப்பட்ட 49 பேரில் 44 பேர் ஊசியை விட்டார்களாம். இவனும் விட்டுவிட்டான், இப்போது 4 வயசு.

கானாடுகாத்தான்:
ஆத்தாவுக்கு மாத்திரையை மாற்றியாகிவிட்டது. இந்த நோன்புக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் இழை என்று சொல்லியிருக்கிறேன். அப்பத்தா காலத்தில் உண்டா என்று மூன்று நாளாகப் பேசவில்லை.